டோபி துரைக்குத் தமிழ் கொடுத்த ஞானம்மா

தாப்பாவில் நான் வேலை செய்யும் பள்ளியில் ஒரே ஒரு தொலைபேசி. அது தலைமையாசிரியர் மேசையில், அதாவது இப்போது என் மேசையில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் பசியாறப் போயிருந்த நேரத்தில் அது அடித்தது.

"சார், ரீத்தா பேசறேன், ஈப்போலேர்ந்து. அம்மா இன்னிக்குக் காலையில போய்ட்டாங்க."

என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. "அம்மா மட்டும் இத கேட்டிருந்தா, இத வச்சே ஒரு வாரம் ஓட்டியிருப்பாங்க சார்."

ரீத்தாவின் அம்மா ஞானம்மா அக்காவை அடக்கம் செய்த அன்று செமோரிலிருந்து இரண்டு வேன், பாகான் செராயிலிருந்து ஒரு பேருந்து என்று நம் தோட்டத்து மக்கள் வந்து இறங்கினார்கள். தோட்டம் விற்கப்பட்டு, ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு அத்தனை பேரையும் நான் ஒரே இடத்தில் பார்த்தது அன்றுதான். கல்லறைக்கு வெளியே நின்றிருந்தபோது சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், நீங்க எழுதுங்க. எங்களுக்குப் பேச வரும், எழுத வராது. அந்த டிவி கதைய நம்ம பிள்ளைங்க தெரிஞ்சிக்கணும் லா." அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததோடு, தெரியாத ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, செமோருக்கு உள்ளே இருந்த நம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நான் வந்தேன். பாகான் செராய் வயல்காட்டு ஊரிலிருந்து வந்தவன். டவுன் ஆங்கிலப் பள்ளியில் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்தவன் என்ற நினைப்பு எனக்கு அதிகமாகவே இருந்தது. வந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை, மண்டபத்துப் பக்கம் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன்.

நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு கறுப்பு வெள்ளை டிவி. அதன் சத்தத்தை முக்கால்வாசி குறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பெண் தோளில் துண்டோடு நின்று தமிழில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஆண் வாய் திறந்தால் ஆண் குரல், பெண் வாய் திறந்தால் பெண் குரல். ஒருத்தர் கதவைச் சாத்தினால் அவரே "டப்" என்றார். ஓடியது ஓர் ஆங்கில நகைச்சுவைத் தொடர். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒரு சலவைக் கம்பெனி. அதன் மேனேஜர் மீசைக்காரர். தான் சொன்னால் உலகமே கேட்கும் என்று அவருக்கு நம்பிக்கை. உண்மையில் கம்பெனியை நடத்துவது அங்கே துணி துவைக்கும் நாலு பெண்கள். அந்தத் தொடரின் பெயரை நம் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. நமக்கு அது டோபிக்கடை நாடகம். மீசைக்காரர் டோபி துரை.

பேசிக்கொண்டிருந்தவர்தான் ஞானம்மா அக்கா. அம்மாக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவருக்கு வேலை. அதற்கு முன்னால் ஆறு வருடம் துரை பங்களாவில் சமையல். அதனால் அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று தோட்டமே நம்பியது.

நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, டிவியின் மெல்லிய சத்தத்துக்குக் காதைக் கொடுத்தேன். மேனேஜர் தன் பெண்டாட்டியிடம், நகராண்மைத் தலைவர் வீட்டு மேசை விரிப்பு சுருங்கிப் போனதை எப்படி மறைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஞானம்மா அக்காவோ, "அடியே, லயத்துத் தண்ணிக் குழாயில தண்ணி வரலன்னு சொல்றாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? குழாய் இருக்குல்ல, மொதல்ல அதுக்குச் சந்தோசப்படுங்கன்னேன்" என்றார். மண்டபம் குலுங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறுதியானது. அவர் மொழிபெயர்க்கவே இல்லை. எல்லாம் சொந்தச் சரக்கு.

என்னைப் போன்ற ஆளுக்கு அது பொறுக்குமா? மூன்றாவது வாரம் நடுவில் எழுந்து நின்றேன். "அக்கா, அவன் அப்படிச் சொல்லலையே!"

சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "அப்படியா சார்? அப்ப நீங்க வாங்க, நீங்க சொல்லுங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.

போய் நின்றேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கணம் பிசகாமல் சொன்னேன். ஆங்கிலத்தில் சொற்களை வைத்து விளையாடிய இடங்களில், அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று விளக்கமும் கொடுத்தேன். ஐந்தாவது நிமிடம் பின்வரிசை கலைந்தது. பத்தாவது நிமிடம் முன்னால் இருந்த ஒரு தாத்தா என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: "சார், நல்லா பாடம் நடத்துறீங்க. ஆனா நாங்க சிரிக்க வந்தோம்."

இனி நான் எழுதப் போவதை இன்று வரை உங்களில் யாருக்கும் சொன்னதில்லை. மறுநாள் காலை கோப்பிக் கடையில் தலைமைக் குமாஸ்தா, நம் பெரிய கிராணி, என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தோட்ட அலுவலகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். "என்ன சார், நேத்து மண்டபத்துல ஏதோ தகராறாமே?" என்றார். எனக்கு அவமானம் ஆறவில்லை. "அந்தம்மா சொல்றது ஒண்ணுகூட படத்துல இல்ல. எல்லாம் நம்ம தோட்டத்து விசயம்தான்" என்று கொட்டிவிட்டேன். கிராணி கோப்பியை முடிக்காமலே எழுந்து போனார். அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அதை நான் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கிராணி துரையிடம் போனார். நம் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை அவர். கம்பெனி மண்டபத்தில், கம்பெனி வாங்கிக் கொடுத்த டிவியை வைத்துக்கொண்டு, ஒரு ஆயா கம்பெனியையே கேலி செய்கிறாள் என்று புகார். வெள்ளிக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகத் துரை சொல்லிவிட்டார். புகார் உண்மையென்றால் டிவி பூட்டப்படும். ஞானம்மாவுக்கு வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டில் ஏழு வயது ரீத்தா இருந்தாள்.

புதன்கிழமை மாலை ஞானம்மா அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார், ஒரு ஒதவி. வெள்ளிக்கிழமை நீங்க என் பக்கத்துல நிக்கணும். அவன் என்ன பேசறான்னு என் காதுல சொல்லுங்க. நான் அப்படியே சொல்லிடறேன்."

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே அக்கா?"

"பங்களாவுல கத்துக்கிட்டது அடுப்படி இங்கிலீஷ் சார். முட்டை, உப்பு, சூடா இருக்கு, பத்தல. அவ்ளோதான். இவன் பேசற வேகத்துக்கு என் காது ஓடாது."

"அப்புறம் எப்படி இத்தனை வாரமா...?"

அவர் சிரித்தார். "மூஞ்சி இருக்குல்ல சார். அந்தாளு மூஞ்சியப் பாருங்க. உள்ள பயம், வெளிய பெரிய மனுசன். எப்பக் குட்டு வெளிப்படுமோன்னு முழிக்கிற முழி. அந்த முழிக்கு எதுக்கு இங்கிலீஷ்? அது எனக்கு ஆறு வருசம் பரிமாறிப் பழக்கமான முழி."

கிராணியிடம் சொன்னது நான்தான் என்று அப்போது ஒப்புக்கொண்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "தெரியும் சார். விடுங்க. வெள்ளிக்கிழமை சத்தமா சொல்லாதீங்க, காதோட சொல்லுங்க." சாகும்வரை அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உங்களில் பல பேர் எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகத் தீபாவளிப் பலகாரம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே அதற்குச் சாட்சி.

வெள்ளிக்கிழமை மழை. அந்த மழையிலும் மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்னால் இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் துரை, இன்னொன்றில் கிராணி. வழக்கம்போல டிவியின் சத்தம் குறைக்கப்பட்டது. தகரக் கூரையில் மழை கொட்டிய கொட்டில், டிவியோடு ஒட்டி நின்ற எனக்கு மட்டுமே அது கேட்டது என்று நினைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல, ஞானம்மா அக்கா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அந்தத் தமிழுக்கு உயிரே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கிராணிக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி. இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் வீடு தப்பிக்கும்.

அந்த வாரக் கதையில் சலவைக் கம்பெனிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். மேனேஜர் எல்லாத் தொழிலாளிகளையும் வரிசையில் நிறுத்தி, அதிகாரியிடம் பெருமை பேசுகிறார். "எங்கள் கம்பெனியில் குறையே கிடையாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்." நான் காதில் சொன்னேன். அவரும் அப்படியே சொன்னார். திரையில் ஒரு தொழிலாளிப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். "எனக்குக் கொடுத்த ஏப்ரன் ரொம்பப் பெரிசா இருக்கு" என்றாள் அவள். அதையும் நான் காதில் சொன்னேன்.

ஞானம்மா அக்கா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. திரையில் கை தூக்கி நிற்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார், திரைப் பக்கம் அல்ல, பிரம்பு நாற்காலிப் பக்கம்.

"துரை, ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுது. தொட்டில் நனையுது. எட்டுப் பிள்ளைக்கு நெஞ்சு சளி. ஒரு பிள்ளைய நேத்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

கிராணி துள்ளி எழுந்தார். "பொய் துரை! படத்துல அப்படி இல்ல! வாத்தியார்கிட்ட கேளுங்க, அவருக்கு இங்கிலீஷ் தெரியும்!"

துரை என்னைப் பார்த்தார். அவருடைய தமிழ் தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழ். "வாத்தியார், இந்தப் பொம்பள சரியா சொல்லுதா?"

நான் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுப்பவன். ஒரு வாரத்துக்கு முன்னால் அதே மண்டபத்தில் உண்மைக்காக எழுந்து நின்றவன். "சரிதான் துரை. அப்படியே சொல்றாங்க."

அந்த ஏப்ரன் வாக்கியம் துரை காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர் ஞானம்மாவிடம் கேட்டார். "அந்த டோபி துரை இப்ப என்ன பதில் சொல்லுது?"

திரையில் மீசைக்காரர் அதிகாரியையும் தொழிலாளிப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்து, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"பதில் வரல துரை. முழிக்கிறான்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பெண்கள் பக்கம் தொடங்கிய சிரிப்பு சுவரில் மோதித் திரும்பி வந்தது. துரை எழுந்தார். கோபமாக வெளியே போகிறார் என்று நினைத்தோம். வாசலில் நின்று குடையை விரித்து, "ஞானம்மா, வா. கொட்டகையக் காட்டு" என்றார்.

அவர் முன்னால் போக, மொத்தத் தோட்டமும் பின்னால் போனது. கொட்டகைக்குள் துரை அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. நனைந்த தொட்டில் துணியைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இத்தன நாள் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நாலு தடவ சொன்னோம் துரை. கிராணிகிட்ட" என்றார் ஞானம்மா அக்கா. அவருடைய சொந்தக் குரலில்.

திங்கட்கிழமை லாரியில் புதுத் தகரம் வந்து இறங்கியது. புதன்கிழமைக்குள் கூரை முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வந்தான். அவன் இப்போது ஈப்போவில் லாரி ஓட்டுகிறான், அடக்கத்துக்கு வந்திருந்தான். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, என் உதவி எதுவும் இல்லாமல் ஞானம்மா அக்கா மீண்டும் டிவி பக்கத்தில் நின்றார். மீசைக்காரர் வாய் திறந்ததும் வந்த முதல் வசனம்: "கூரை மாத்தணும்னு எனக்குத்தான் மொதல்ல தோணுச்சு. நான்தான் சொன்னேன், எல்லாரும் எழுதி வச்சிக்குங்க." அன்று அழுதுகொண்டு சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

துரையைப் புத்தர் ஆக்கிவிடக் கூடாது. லயத்துக் குழாயில் அதன் பிறகும் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. கிராணியும் சும்மா இருக்கவில்லை. ஏதோ காரணம் காட்டி ஞானம்மா அக்காவை ஆயாக் கொட்டகையிலிருந்து எடுத்து, புல்வெட்டுக்குப் போட்டார். மூன்று மாதம் வெயிலில் புல் வெட்டிவிட்டு, கையெல்லாம் கீறலோடு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பேசினார். அதை முடித்துவைத்தது யார் தெரியுமா? கிராணியின் மனைவி. அந்த அம்மாள் அப்போது முன்வரிசைக்கே வந்துவிட்டிருந்தார். ஒரு நாள் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்க வீட்ல இருக்கறதும் இதே டோபி துரைதான் ஞானம்மா, மீசை மட்டும் இல்ல" என்றார். அடுத்த வாரமே ஆயாக் கொட்டகைச் சாவி ஞானம்மாவின் இடுப்புக்குத் திரும்பியது. வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ நாம் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கதையும்தான். துரை ஊருக்குப் போனார். தோட்டம் கைமாறியது, துண்டானது. ஞானம்மா அக்கா ஈப்போவில் மூன்றாவது மாடி வீடு ஒன்றுக்குப் போனார். ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை. சில வருடம் கழித்து அந்தத் தொடரை மறுபடியும் போட்டார்கள், இந்தத் தடவை கலரில். நான் அன்று அவர் வீட்டில்தான் இருந்தேன். டோபி துரையின் மீசை செம்பட்டை என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ சார்! இத்தன வருசம் கறுப்பு மீசைக்கில்ல பேசிட்டிருந்தேன்!"

அந்த வீட்டிலும் கூட்டம் கூடியது. எதிர்வீட்டுச் சீனத்து அம்மா, கீழ்வீட்டு மலாய்க்காரக் குடும்பம், தோட்டத்திலிருந்து வந்த நம் ஆட்கள். ஒரு வசனத்தைத் தமிழில் சொல்லி, அதே மூச்சில் மலாயிலும் சொல்வார். தமிழில் டோபி துரை தோட்டத்து ஆள். மலாயில் அவர் அடுக்குமாடி வீடுகளுக்கு வாடகை வசூலிக்க வரும் அதிகாரி. சீனத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞானா, லாகி, லாகி" என்பார், இன்னும் சொல்லு என்று. எங்கோ ஒரு குளிர் நாட்டில், நம்மை நினைத்தே பார்க்காத யாரோ எழுதிய நாடகம் பத்து வருடம் கழித்தும் ஏன் பழசாகவில்லை என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மேல ஒக்காந்திருக்கவன் முழிக்கிறத கீழ இருக்கவங்க பாக்கணும் சார். எல்லா ஊர்லயும் அதுக்கு ஆள் இருக்கு."

ரீத்தா அதற்குள் ஆங்கிலம் படித்துத் தேறியிருந்தாள். ஒரு முறை அவள் அம்மாவை உட்காரவைத்து, ஒரு வாரக் கதை முழுவதையும் உள்ளது உள்ளபடி தமிழில் சொன்னாள். என்னைப் போல அல்ல, நன்றாகவே சொன்னாள். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தீர்ப்பு வழங்கினார்.

"பரவாயில்லயே. அவனும் நல்லாத்தான் எழுதியிருக்கான்."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது எது என்று அடக்கத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அவருடைய குரல் எனக்கு வராது. ஜனங்களைச் சிரிக்கவைக்கவும் வராது. அதை நூறு பேர் முன்னால் நிரூபித்தவன் நான். ஆனால் இந்த வருடத் தொடக்கத்தில் ஒன்று நடந்தது. கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பெற்றோர்களும் இருந்தார்கள். நான் பள்ளியின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள். "சார், எங்க கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறோம்."

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. என் வாய் திறந்தது, மூடியது. அவளை உட்காரச் சொல்ல என் கை தானாக உயர்ந்தது.

அந்தக் கையை நான் கீழே இறக்கினேன். "சொல்லும்மா, இன்னும் என்ன?" என்றேன். அவள் சொன்னாள். இன்னும் மூன்று பிள்ளைகள் எழுந்து சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. இறங்கிய அந்தக் கைதான் ஞானம்மா அக்கா என்னிடம் விட்டுப்போனது. இதை அவரிடம் சொல்ல ஈப்போ போயிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் புள்ள பேரு என்ன சார்?"